எடுக்காத பல்லுக்கு நன்றி

1. வெள்ளிக்கிழமை மாலை, எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டம் முடிந்ததும், சித்தி, ஆண்டவருக்கு நன்றியாகப் போடும் ஸ்தோத்திரக் காணிக்கை கவர் ஒன்றைச் செயலர் அக்காவின் கையில் கொடுத்தார். கவரின் மேல் ‘பல் எடுக்கும் காரியத்தில் ஆண்டவர் கூட இருந்ததற்காக’ என்று எழுதியிருந்தது.
2. சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு மார்த்தாண்டத்தில் பல் எடுக்க நேரம் வாங்கியிருந்தார். பத்து மணிக்கே கிளினிக்குக்குப் போய்விட்டார்.
3. பத்து இருபதுக்கு அங்கிருந்து கிளம்பி, வந்த பஸ்ஸில் ஏறி, வீட்டுக்கு வந்துவிட்டார்.
4. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மற்ற அறிவிப்புகளோடு அந்தக் கவரும் வாசிக்கப்பட்டது. சபையார் ஆமென் சொன்னார்கள்.
5. பல் வாயில்தான் இருந்தது.

ஐந்தாவது விஷயம் சித்திக்கும் எனக்கும் மட்டும் தெரியும். கிளினிக்கில் இருந்தவர்களுக்கும் தெரியும், ஆனால் அவர்கள் எங்கள் சபை இல்லை.

சித்தி என்று சொன்னாலும் அவர் எங்களுக்குச் சொந்தம் கிடையாது. எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. என் அம்மாவை அக்கா என்று கூப்பிடுவார், அதனால் எனக்குச் சித்தி. சித்தப்பா மஸ்கட்டில் இருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார்கள். சித்தி ரப்பர் வெட்டுவார், அதாவது மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பார். சொந்தமாக எழுபது மரம், அது போகப் பக்கத்துத் தோட்டத்தில் இருநூற்றைம்பது. விடிவதற்கு முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தனியாகத் தோட்டத்துக்குள் போய்விடுவார்.

ஒரு மழைக்காலத்தில் மரத்தடியில் அணலி என்கிற விரியன் பாம்பு சுருண்டு கிடந்திருக்கிறது. அவர் அந்த மரத்தை விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போயிருக்கிறார். வரிசை முடித்துத் திரும்பியபோது பாம்பு இல்லை. விட்டுப்போன மரத்தையும் வெட்டியிருக்கிறார். இதை அம்மாவிடம் சொல்லும்போது அவருக்கு இருந்த வருத்தம், நேரம் கழித்து வெட்டியதால் அந்த மரத்தில் பால் குறைந்துபோனது மட்டும்தான்.

இப்படிப்பட்டவர் மார்த்தாண்டம் சந்திப்பில் பஸ் நிற்கும்போது தலையை இடப்பக்கம் திருப்பிக்கொள்வார். வலப்பக்கம் ஒரு பல் மருத்துவமனையின் விளம்பரப் பலகை இருந்தது. அதில் முப்பத்திரண்டு பல்லும் தெரிய ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். டிவியில் பற்பசை விளம்பரம் வந்தால் சேனலை மாற்றுவார். எந்தச் சாப்பாட்டையும் வலது பக்கமாகவே மெல்லுவார். இடது கன்னத்துக்குள் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். பேசும்போது அதை நாக்கால் ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பேசுவார்.

நான் அப்போது நாகர்கோவிலில், பல் மருத்துவக் கருவிகளைப் பழுது பார்த்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். நாற்காலி, கம்ப்ரஸர், பல்லைக் குடையும் ஏரோட்டர் எல்லாம் என் கையில் வரும். தோவாளையிலிருந்து மார்த்தாண்டம் வரை நான் போகாத பல் கிளினிக் குறைவு. வேலை முடிந்து வரும் வழியில் சித்தி வீட்டுக்குள் நுழைந்தால் முதல் சொல் இதுதான்.

“உனக்க பையை வெளியில வச்சிட்டு வா பிள்ளே.”

“அதுல ஸ்குரூ டிரைவர்தான் இருக்கு சித்தி.”

“எந்த டிரைவரா இருந்தாலும் வெளியில இரிக்கட்டு. உனக்க சட்டையிலயே அந்த மணம் அடிக்கி.”

சித்தியிடம் ஒரு வழக்கம் உண்டு. செய்யப் பயமாக இருக்கும் காரியத்தை முதலில் ஊருக்குச் சொல்லிவிடுவார். நாற்பத்திரண்டு வயதில் ஸ்கூட்டர் படிக்க முடிவு செய்தபோது முதலில் ஹெல்மெட் வாங்கினார். வண்டி வர இரண்டு வாரம் ஆகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்த இரண்டு வாரமும் பால் சொசைட்டிக்கும் ரேஷன் கடைக்கும் ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தே போனார். “வண்டி எங்க?” என்று கேட்டவர்களிடமெல்லாம் “வருது” என்றார். வண்டி வந்த அன்று, இத்தனை பேரிடம் சொன்ன பிறகு ஏறாமல் இருக்க முடியாது என்பதால் ஏறினார். நான்காவது நாள் தனியாக ஓட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனியாகப் பாடுவதாகப் பெயர் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பாட்டைத் தேர்ந்தெடுத்ததும் உண்டு. இந்த வழி இரண்டு தடவையும் பலித்தது. பல்லுக்கும் பலிக்கும் என்று நினைத்துத்தான் கவரை வெள்ளிக்கிழமையே கொடுத்தார்.

“ஆண்டவருக்கு முன்கூட்டியே நன்றி சொல்லியாச்சுன்னா பிறகு ஓடதுக்கு ஒக்காதுல்லா” என்று என்னிடம் சொன்னார். ஓட முடியாமல் செய்ய அது நல்ல ஏற்பாடு என்றுதான் எனக்கும் தோன்றியது.

என் பங்குக்கு நான் ஒரு தவறு செய்திருந்தேன். தெரியாத விஷயத்துக்குத்தான் பயம் வரும், தெரிந்துவிட்டால் போய்விடும் என்று நம்பினேன். என் வேலையில் அது சரியாக வரும். எந்த இயந்திரத்தையும் திறந்து பார்த்துவிட்டால் அது சாதாரணமாகிவிடும். அதனால் பல் எடுப்பது எப்படி என்று பதினொரு படிகளாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மரத்துப்போகும் மருந்தைத் தடவுவது, ஊசி போடுவது, காத்திருப்பது, ஈறை விலக்குவது என்று வரிசையாக. சித்தி நான்காவது படி வரை வாசித்தார். பிறகு தாளை நாலாக மடித்து டிவி மேல் வைத்துவிட்டு, டீ போடவா என்று கேட்டார்.

சனிக்கிழமை மதியம் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா குளிக்கப் போயிருந்தாள்.

“வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே சத்தம் கேட்டுது பிள்ளே. உள்ள எவனுக்கோ குடைஞ்சிட்டிருந்தாரு. நான் அந்த கவுண்டர்ல இருக்க கொச்சுப் பொண்ணுகிட்ட, அடுப்புல பால் வச்சிட்டு வந்துட்டேன்னு சொன்னேன்.”

“அவ என்ன சொன்னா?”

“வீடு எங்கன்னு கேட்டா. சொன்னேன். அங்க போறதுக்குள்ள பொங்கிருமே ஆன்ட்டின்னா. அதனாலதான் போறேன்னு சொல்லிட்டு இறங்கிட்டேன்.”

நான் சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை. அந்தக் கவரை எப்படியாவது திருப்பி வாங்கித் தர வேண்டும் என்றார். நான் செயலர் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் முற்றத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

“லிஸ்ட் போதகர் கையில போயாச்சே மக்களே. என்ன, பேரை மாத்தி எழுதிட்டாளா?”

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு போன் போதும், அந்த வரியை எடுத்திருப்பார்கள். ஆனால் எனக்குச் சித்தியை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. “இல்லக்கா, சும்மா கேட்டேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்து நடந்ததில் இந்த ஒரு வாக்கியத்துக்கும் பங்கு உண்டு.

ஞாயிறு மதியத்திலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவர் பயறு போட்ட கஞ்சி கொண்டுவந்தார். ஒருவர் ஆப்பத்தைத் தேங்காய்ப் பாலில் ஊறவைத்துக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டிலிருந்து ஐஸ்கிரீம் வந்தது. சித்திக்குச் சுகர் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. செயலர் அக்கா முறுக்கை இடித்துப் பொடியாக்கிக் கொண்டுவந்திருந்தார்.

“எங்க, வாயைத் தொறந்து காட்டு. எந்தப் பல்லு?”

“மூணு நாளைக்கு வாயை அகலத் தொறக்கப்பிடாதுன்னு டாக்டர் சொன்னாரு.”

“முறுக்கு தின்னலாமாடி?”

“பொடிச்சா தின்னலாம்.”

சித்தி இதையெல்லாம் சாதாரணக் குரலில் சொன்னார். நான் அவருக்கு எதிரில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஆலயத்தில் மணி அடிக்கும் அண்ணன் வந்தார். பெரிய ஆள். கயிற்றைப் பிடித்து இழுத்தால் மணி பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும். அவருக்கும் ஆறு மாதமாகப் பல் வலி. கன்னத்தில் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

“தங்கச்சி, ஒரு காரியம் உண்மையாச் சொல்லணும். வலிச்சுதா?”

சித்தி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார்.

“முதல்ல ஈறுல ஒரு மருந்து தடவுவாங்க அண்ணா. பிறகு ஊசி. எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் சும்மா இருக்கச் சொல்லுவாங்க. பாதி உதடு இல்லாத மாதிரி ஆயிரும். அதுக்குப் பிறகு அமுக்குறது தெரியும், ஆட்டுறது தெரியும். வலி தெரியாது.”

அவர் சொன்னது அத்தனையும் என் தாளில் இருந்தது. நான்காவது படியோடு நிறுத்திவிட்டார் என்று நான் நினைத்திருந்தேன். பதினொன்றையும் வாசித்திருக்கிறார், மனப்பாடமாகவும் வைத்திருக்கிறார். வாசித்ததால் பயம் போகவில்லை, அவ்வளவுதான்.

மணி அடிக்கும் அண்ணன் மறுநாளே போய்ப் பல்லை எடுத்துவிட்டார். வரும் வழியில் வாயில் பஞ்சைக் கடித்தபடி சித்தி வீட்டு வாசலில் நின்று, பேச முடியாமல், இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். சித்தி உள்ளே வந்து அடுக்களையில் கீழே உட்கார்ந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. மனதில் பொய்யை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தையும் ரசத்தையும் வாங்கக் கூடாது என்பார்கள். வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போனார்கள். சித்தி எழவில்லை. அம்மா கையைத் தொட்டாள். “கால் மரத்துப்போச்சுக்கா” என்றார். அன்று இரவே அவருடைய இடது தாடை வீங்கத் தொடங்கியது.

திங்கட்கிழமை நான் போனபோது வீக்கம் கழுத்து வரைக்கும் இறங்கியிருந்தது. தண்ணீர் விழுங்கும்போது முகம் சுருங்கியது. சுகர் உள்ளவர்களுக்கு இப்படி வீங்கினால் காத்திருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். எத்தனையோ கிளினிக்குகளில் இதைக் கேட்டிருக்கிறேன். சித்தியிடம் அதைச் சுற்றிவளைக்காமல் சொன்னேன். இது கழுத்துக்குள் பரவினால் மூச்சை அடைக்கும், நாகர்கோவிலில் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியிருக்கும் என்றேன்.

“தெரியும்” என்றார்.

“ஊசிதான் பேடியா சித்தி? வலியா?”

“வலியைப் பத்தி என்கிட்ட பேசாண்டாம் பிள்ளே. ரெண்டு பிள்ளை பெத்தாச்சு.”

பிறகு அவராகவே சொன்னார். பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் பல் முகாம் நடந்திருக்கிறது. ஆட்டம் கண்ட பல் உள்ள பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். சித்தி முரண்டு பிடித்ததால் இரண்டு டீச்சர்மார் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“மருந்து சரியாப் பிடிக்கல்ல. நான் வேண்டாம், வேண்டாம்னு சொல்லிட்டே இருந்தேன். வாய்க்குள்ள ஒருத்தருக்க கை இருந்தா சத்தம் எங்க வரும்? கையையும் அசைக்கதுக்கு ஒக்கல்ல. அவங்க நல்லதுக்குத்தான் செய்தாங்க. மிட்டாய்கூட தந்தாங்க.” கிராம்பை ஓரமாக ஒதுக்கினார். “வாயைத் தொறந்து குடுத்துட்டா அப்புறம் நிறுத்தச் சொல்ல முடியாதுல்லா. அதுதான் எனக்கு.”

நான் பதினொரு படிகள் எழுதினேன். அதில் நிறுத்துவது எப்படி என்று ஒரு வரிகூட இல்லை.

சித்தி ஓடிவந்த அந்த மார்த்தாண்டம் கிளினிக்கில் புதன்கிழமை எனக்குச் சர்வீஸ் வேலை இருந்தது. அதுவரை காத்திருக்க முடியாது. மருத்துவருக்குப் போன் செய்து, வேலையை மறுநாளைக்கே மாற்றிக்கொள்ளலாமா, கூட ஒருவரை அழைத்து வரலாமா என்று கேட்டேன். மதியம் இரண்டு மணிக்கு நோயாளிகள் இருக்க மாட்டார்கள், வாருங்கள் என்றார். சித்தியிடம், எனக்கு டார்ச் பிடிக்க ஆள் வேண்டும், உங்கள் வாயை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனாலும் மறுநாள் சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

நாற்காலியின் அடிமூடியைக் கழற்றினேன். சித்தி குனிந்து டார்ச் அடித்தார். குழாய்களைக் காட்டினேன். காற்று எங்கே வருகிறது, தண்ணீர் எங்கே வருகிறது என்று சொன்னேன். கடைசியில் ஏரோட்டரை அவர் கையில் கொடுத்து, கீழே இருந்த கால்மிதியை மிதிக்கச் சொன்னேன். மிதித்தார். அந்தச் சத்தம் வந்தது. உடனே காலை எடுத்தார். சத்தம் நின்றது. மறுபடி மிதித்தார். எடுத்தார். பத்துத் தடவையாவது அப்படிச் செய்திருப்பார்.

“காலை எடுத்தா நிக்கு” என்றார்.

“உடனே நிக்கும்.”

மருத்துவர் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சித்தியின் வீக்கத்தைப் பார்த்தார், ஆனால் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். ரப்பர் வெட்டு என்றதும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவருக்கு அருமனைப் பக்கம் கொஞ்சம் ரப்பர் இருந்தது.

“ஒரு வருஷமா பாலே சரியில்லம்மா. பட்டையில முண்டு முண்டா வருது.”

“வெட்டுறவன் ஆழமாப் போறான். தோலை மட்டும் சீவணும் டாக்டர். உள்ள இருக்க தடியில கத்தி பட்டா மரம் காயமாயிரும். பிறகு அந்த இடத்துல பட்டை நேரா வளராது.”

“எவ்வளவு ஆழம்னு எப்படித் தெரியும்?”

“கைக்குத் தெரியும். தடிக்குக் கிட்ட போகும்போது கத்தி வேற மாதிரி இழுக்கும். அங்க நிறுத்திரணும்.” சொல்லிவிட்டுச் சித்தி டார்ச்சை அணைத்தார். “நீங்க எங்க நிறுத்துவிய?”

“நீங்க இடது கையைத் தூக்குனா நிறுத்திருவேன். எந்த இடமானாலும்.”

“காரணம் சொல்லணுமா?”

“வேண்டாம். கையைத் தூக்குனா போதும்.”

சித்தி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். சாய்க்க விடவில்லை. நிமிர்ந்தபடியே வாயைத் திறந்தார். மருத்துவர் சின்னக் கண்ணாடியை உதட்டருகே கொண்டுபோனார். சித்தி கையைத் தூக்கினார். கண்ணாடி வெளியே வந்தது. மறுபடி போனது. மறுபடி தூக்கினார், மறுபடி வெளியே வந்தது. மூன்றாவது தடவை அவர் கை மடியிலேயே இருந்தது.

அன்று பார்த்தது மட்டும்தான். மாத்திரை எழுதிக்கொடுத்தார். சுகர் பார்த்து வரச் சொன்னார். வீக்கம் கூடினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் வர வேண்டும் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். வீக்கம் கூடவில்லை. ஆறாம் நாள் பல்லை எடுத்தார்கள்.

நான் பக்கத்தில் நின்றேன். சித்தி ஏழு தடவை கையைத் தூக்கினார். அதில் மூன்று தடவை மட்டும் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. மிச்சம் நான்கும் நிறுத்துகிறாரா என்று பார்ப்பதற்கு. ஆறாவது தடவை உதவிக்கு நின்ற பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். மருத்துவர் அவளிடம் “இருக்கட்டும்” என்றார். ஏழு தடவையும் நிறுத்தினார். பல் வந்ததும் சித்தி அதைக் காட்டச் சொன்னார். பஞ்சைக் கடித்துக்கொண்டே “வேரு வளைஞ்சுல்லா இருக்கு” என்றார். மருத்துவருக்கு அது புரியவில்லை. நான் சொன்னேன்.

மணி அடிக்கும் அண்ணனிடம் சித்தியே போய் உண்மையைச் சொன்னார். நான் போக வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அண்ணன் கேட்டுச் சிரித்துவிடுவார் என்று பிறகு நானும் நினைத்துக்கொண்டேன். அவருக்குக் கோபம் வந்தது.

“அப்போ உனக்க பேச்சை நம்பிப் போய் எனக்கு ஏதாவது ஆகியிருந்தா?”

“அதைத்தான் அண்ணா நானும் நினைச்சிட்டே கெடந்தேன்” என்றாராம் சித்தி.

இரண்டு வாரம் அவர் சித்தியிடம் பேசவில்லை. மூன்றாவது வாரம், சரியாகாத இன்னொரு பல்லைப் பற்றிக் கேட்க வந்தார். சித்தி தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். அடுத்த மாதத் திருவிருந்துக்குச் சித்தி எழுந்து போனார். சபையில் மற்றவர்களிடம் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. செயலர் அக்காவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவர் முறுக்குப் பொடித்துக் கொடுத்ததைப் பற்றிப் பிறகு ஒருபோதும் பேசியதில்லை.

நான் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறேன். சித்தியோடு மாதம் ஒரு தடவை போனில் பேசுவேன். அவருக்கு மேல்வரிசையில் ஒரு பல்லில் வேர் சிகிச்சை நடக்கிறது. மூன்று தடவை போக வேண்டும், இரண்டு முடிந்திருக்கிறது. இரண்டுக்கும் தனியாகத்தான் போனார். பயம் குறைந்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். போகிற நாள் காலையில் இட்லி இறங்காதாம். இரண்டாவது தடவை வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, அரை மணி நேரம் நின்று, அடுத்த பஸ்ஸில் போயிருக்கிறார். மூன்றாவது தடவை வரும் வியாழக்கிழமை, பதினோரு மணிக்கு.